சோப்புப் போட்ட கிணறு

பாய்,

இன்று காலை அறிவியல் அறையின் பீரோவைத் திறந்ததும் மூட்டையின் வாய்க்கட்டு அவிழ்ந்து, இலவம்பஞ்சு முகத்தில் பறந்தது. வரிசையாக நாலு தும்மல். கண்ணில் நீர் வந்தது தும்மலால்தான் என்று கணக்கு டீச்சரிடம் சொன்னேன். அவர் நம்பியதாகத் தெரியவில்லை. நீங்கள் கண்மூடி எட்டு மாதம் ஆகிறது. உங்கள் கடைப் பஞ்சு மட்டும் இன்னும் என் சட்டையை விடமாட்டேன் என்கிறது.

மூன்றாவது பீரியடில் எட்டாம் வகுப்புக்கு எண்ணெய்க்கசிவுப் பாடம். பார்வையிட அதிகாரி வருகிறார். தலைமையாசிரியர் நேற்றே என்னைக் கூப்பிட்டு, “சார், பாடத்த மட்டும் எடுங்க. அந்தக் கெணத்துக் கதைய இன்னைக்கி ஒரு நாளைக்கி வுட்டுடுங்க. வாத்தியாரே தப்பு பண்ணாருன்னு எழுதிக்கினு போனாங்கன்னா நம்ம ஸ்கூலுக்குத்தான் கெட்ட பேரு” என்றார். கெட்ட மனுஷர் இல்லை, பயந்த மனுஷர். நான் தலையை ஆட்டிவிட்டு வந்தேன். ஆமாம் என்றும் வைத்துக்கொள்ளலாம், இல்லை என்றும் வைத்துக்கொள்ளலாம், அப்படி ஒரு தலையாட்டல். நீங்கள் இருந்து பார்த்திருந்தால் என்னைக் கிழித்திருப்பீர்கள்.

அந்தக் கதை உங்களுக்குத் தெரியாததா? ஆனாலும் இன்று அதை முதலிலிருந்து சொல்லிப் பார்க்க வேண்டும்போல இருக்கிறது.

மணலூர்பேட்டைப் பக்கம் இந்தப் பள்ளிக்கு மாற்றலாகி வந்த முதல் வருஷம், இதே பாடம். “நம்ம ஜில்லாவுல கடலே இல்லியே சார், கப்பல் எண்ணெ நமக்கு எதுக்கு?” என்று ஒருத்தன் கேட்டான். நியாயமான கேள்வி. பதில் தெரியாததால் வித்தை காட்டினேன். தட்டில் தண்ணீர், அதன்மேல் நல்லெண்ணெய், நடுவில் பாத்திரம் தேய்க்கும் சோப்பு ஒரு சொட்டு. எண்ணெய் விழுந்தடித்துக்கொண்டு ஓரத்துக்கு ஓடியது. ஒரே கைதட்டல். “பாத்தீங்களா, சோப்பு எண்ணெய வெரட்டிடும்” என்று சொல்லி, பெல் அடித்ததும் வந்துவிட்டேன். எங்கே விரட்டும் என்று நான் சொல்லவில்லை. அவர்களும் கேட்கவில்லை.

கேட்டுக்கொண்டிருந்தவர்களில் ஒருத்தி சௌமியா. குத்தகை நிலத்தில் கரும்பு போடுகிறவரின் மகள். அடுத்த வாரம் அவர்கள் கிணற்றில், ஆயில் இன்ஜினுக்கு வைத்திருந்த டீசல் கேன் சாய்ந்துவிட்டது. வீட்டில் பெரியவர்கள் இல்லை. சார் சொன்னதுதானே என்று அந்தப் பெண் துணி துவைக்கிற பவுடர் இரண்டு பாக்கெட்டையும் கொட்டி, வாளியை விட்டுக் கலக்கியிருக்கிறாள். சாயங்காலம் கிணறு முழுக்க நுரை. கெண்டைகள் செத்து மிதந்தன. மாடு முகர்ந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டது. அப்பா அடித்ததோடு விடவில்லை. “படிச்சுக் கிழிச்சது போதும், கரும்புக்கு வா” என்று பள்ளிக்கூடத்தையும் நிறுத்திவிட்டார்.

என் அம்மாவுக்குத் தலையணை வாங்கக் கள்ளக்குறிச்சிக் கடைத்தெருவில் உங்கள் மெத்தைக் கடைக்கு வந்த இடத்தில், இதை ஒரு வேடிக்கைபோல உங்களிடம் சொன்னேன். “இந்தக் காலத்துப் பசங்க யோசிக்கவே மாட்டேங்குதுங்க, பாய்.” தாடியெல்லாம் பஞ்சு ஒட்டியிருக்க, தைத்துக்கொண்டிருந்த ஊசியை மெத்தையில் குத்திவைத்துவிட்டு நிமிர்ந்தீர்கள்.

“சோப்பு மேட்டர சொல்லிக்குடுத்தது யாரு சார்?”

“நான் தட்டுலதான் செஞ்சு காட்டினேன். கெணத்துல போடச் சொல்லல.”

“போடக்கூடாதுன்னு சொன்னீங்களா?”

நான் தலையணை விலையைக் கேட்டேன்.

“முழுப் பூசணிக்காய சோத்துல மறைக்கிறீங்களே சார். தப்பு உங்களுது, அடி அந்தப் பொண்ணுக்கா? போய் அவங்க வூட்டு வாசல்ல நின்னு சொல்லுங்க.”

எனக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. “பஞ்சடிக்கிறது உங்க வேலை, பாய். பாடம் எடுக்கிறது என் வேலை” என்றேன். அப்படிச் சொன்ன வாயை நினைத்தால் இன்றும் கூசுகிறது. நீங்கள் கோபப்படவில்லை. புதுப்பிக்க வந்திருந்த ஒரு பழைய தலையணையை எடுத்து என் கையில் போட்டீர்கள். கனமாக இருந்தது.

“பத்து வருசமா எண்ணெத் தலைய வெச்சுப் படுத்த தலகாணி. அம்மாம் எண்ணெயையும் இலவு குடிச்சிக்கீது. ஆனா தண்ணியில போடுங்க, மெதக்கும். மலமேல கரியாலூர்லேர்ந்து மூட்ட வர்றப்ப மழை புடிச்சாக்கூட ஒதறிட்டு வந்துகினே இருப்போம். எண்ணெ ஜாஸ்தி குடிக்கும், தண்ணி கம்மி. இது உங்க பாடத்துல இல்லியா?”

இல்லை, பாய். என் பாடத்தில் அது இல்லை.

ஞாயிற்றுக்கிழமை உங்கள் மொபெட்டில் போனோம். சௌமியாவின் அப்பா கையைக் கட்டிக்கொண்டு வாசலில் நின்றார். “அது வந்துங்க, அறிவியல் ரீதியா பாத்தா...” என்று நான் இழுத்தேன். பின்னால் நின்ற நீங்கள் முதுகில் நறுக்கென்று கிள்ளினீர்கள். அப்புறம்தான் வாய் நேராயிற்று.

“நான்தாங்க தப்பா சொல்லிக்குடுத்தேன். உங்க பொண்ணு ஒழுங்காத்தான் கேட்டுக்கினா. தப்பு என்னுதுங்க.”

அவர் கட்டியிருந்த கையை அவிழ்த்தார். “வாத்தியாரு வாயால இத நான் கேட்டதே இல்லீங்க” என்றார். பிறகு, “சரி, கெணத்துக்கு இன்னா பண்றது?” என்றார்.

வெங்காய மூட்டை வலையில் பஞ்சை அடைத்துக் கயிறு கட்டி இறக்கினோம். மிதக்க வேண்டியது மெல்லத் தண்ணீரைக் குடித்து மூழ்கியது. உங்கள் முகம் விழுந்துபோனதை அன்றுதான் பார்த்தேன். “மெதக்கணுமே சார்! என் பஞ்சு அப்பிடிப் பண்ணாதே!” என்றீர்கள். கதவுக்குப் பின்னாலிருந்து சௌமியாவின் குரல் வந்தது. “சோப்பு கீறதாலயா சார்?”

அதேதான். சோப்பு எண்ணெயை விரட்டவே இல்லை. பொடிப்பொடியாக உடைத்துக் கிணறு முழுக்கக் கலந்துவிட்டிருந்தது. தண்ணீரை ஒட்டவிடாத பஞ்சையும் ஒட்டவைத்துவிட்டது. யோசிக்கத் தெரியாத பிள்ளை என்று நான் சொன்ன பெண்தான் அதை முதலில் கண்டுபிடித்தாள். நான் கயிற்றைப் பிடித்தபடி கிணற்றையே பார்த்துக்கொண்டிருந்தேன். “இலவு காத்த கிளியாட்டம் இன்னும் இன்னா பாத்துகினு நிக்கிறீங்க? எறைக்க வேண்டிதுதான், இன்ஜினப் போடச் சொல்லுங்க” என்றீர்கள்.

இரண்டு ஞாயிறு, மூன்று முறை இறைத்தோம். வாய்க்காலில் விடாமல், தரிசில் வரப்புக் கட்டித் தேக்கினோம். புதுத் தண்ணீர் ஊறியபோது சுவர் இடுக்கிலிருந்து கொஞ்சம் டீசல் கசிந்து வானவில்லாய்ப் படர்ந்தது. இந்த முறை பஞ்சு மிதந்தது. எண்ணெயைக் குடித்துக் கனத்து மேலே வந்தது. சௌமியா அதைத் தகர டின்னில் பிழிந்தாள். திங்கட்கிழமை அவள் வகுப்பில் இருந்தாள்.

அதற்கப்புறம் வருஷா வருஷம் இந்தப் பாடத்தன்று கடையைச் சாத்திவிட்டு மூட்டையோடு வந்துவிடுவீர்கள். பிள்ளைகள் உங்களுக்கு ‘பஞ்சு சார்’ என்று பெயரே வைத்துவிட்டார்கள். “மொதல்ல பரவாம சுத்தி வளைங்க. அப்பறம் உறிஞ்சி எடுங்க. சோப்பத் தொடவே தொடாதீங்க” என்பீர்கள். ஆனால் அதற்கு முன்னால், நான் தப்புச் செய்த கதையை நானே சொல்லி முடிக்க வேண்டும். இல்லாவிட்டால் மூட்டையை அவிழ்க்க மாட்டீர்கள்.

மூன்றாவது பீரியட் முடிந்து வந்து மீதியை எழுதுகிறேன். அதிகாரி கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். தலைமையாசிரியர் வாசற்படியில் நின்று என் கண்ணையே பார்த்துக்கொண்டிருந்தார். தட்டில் தண்ணீர் ஊற்றும்போது, கதையை விட்டுவிட்டு நேராகப் பாடத்துக்குப் போய்விடலாமா என்று தோன்றியது. பயம்தான், பாய், உங்களிடம் மறைக்க என்ன இருக்கிறது? ஆனால் காலையில் மறுபடி கட்டிவைத்த மூட்டையை, கதையைச் சொல்லாமல் அவிழ்க்க மனம் வரவில்லை. தட்டைக் கீழே வைத்தேன்.

“இந்தப் பாடத்த நான் ஒரு வருசம் தப்பா சொல்லிக்குடுத்தேன்” என்று ஆரம்பித்தேன். முழுசாகச் சொன்னேன், செத்த மீன், அடி வாங்கிய பெண், எல்லாவற்றையும். தலைமையாசிரியர் தரையைப் பார்த்தார். அதிகாரி நோட்டில் என்னவோ எழுதினார். எழுதட்டும் என்று விட்டுவிட்டேன்.

பெல் அடித்து எல்லாரும் போனபிறகு ஒரு பெண் மட்டும் மேஜைக்குப் பக்கத்தில் நின்றாள். பாவாடையை முறுக்கிக்கொண்டே பேசினாள்.

“சார், எங்க வூட்டுக் கெணத்துல முந்தாநாளு டீசல் கொட்டிட்சு. நான்தான் தட்டிவுட்டேன். யாருக்கும் தெரியாது. எண்ணெப் பிசுக்கு போவும்னு சோப்புப் பவுடர் வாங்கி ஒளிச்சு வெச்சிக்கீறேன். இன்னும் போடல.”

“வூட்டுல ஏம்மா சொல்லல?”

“பயம் சார். நீங்களே இப்ப அத்தன பேரு எதிர்ல சொன்னீங்களே, அதான் நானும் சொல்லிட்டேன்.”

சாயங்காலம் பஞ்சு மூட்டையோடு அவள் வீட்டுக்குப் போகிறேன், பாய். வாசலில் அவள்தான் பேசுவாள். நான் பின்னால் நிற்பேன். அப்படி நிற்பது எப்படி என்று எனக்குத் தெரியும்.