பிடியரிசியும் உன் மேசையும்

இன்று காலை உலை வைக்கும்போது வழக்கம்போல ஒரு பிடி அரிசியைத் தனியே அள்ளிப் பால்மாவு டின்னில் போட்டேன். ஞாயிற்றுக்கிழமை ஆலயத்தில் படைக்கும் பிடியரிசி. இங்கே சிரம்பான் பக்கம் ரஹாங்கில் எங்கள் சபையில் இப்போது யாரும் இதைச் செய்வதில்லை. நான் மட்டும் விடவில்லை. டின்னில் அரிசி விழுந்த சத்தத்தோடு நீ வந்துவிட்டாய். நீ கண்ணை மூடிய செய்தி வந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை, அதற்குள் கேட்காமல் என் சமையலறைக்குள் நுழைகிறாய். உயிரோடு இருந்தபோதும் நீ அப்படித்தான்.

உன்னைப் பற்றி எல்லாரும் நல்லதாகவே பேசுகிறார்கள். நான் உள்ளதைச் சொல்கிறேன். உன்மேல் எனக்குப் பொறாமை. அன்றும் இருந்தது, இன்றும் இருக்கிறது.

பெடாஸ் பக்கம் ஒரே ரப்பர் தோட்டத்தில் பிறந்தோம். சிரம்பான் மிஷன் பள்ளியில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தோம். உலகப் படத்தில் நான் பார்க்காமலே கெய்ரோவைத் தொடுவேன். நீ அதை ஆப்பிரிக்காவின் நடுவில் தேடிக்கொண்டிருப்பாய். ஆனால் மதராஸ் கிறிஸ்தவப் பெண்கள் கல்லூரிக்கு ஒரு பெண்ணைத்தான் அனுப்ப முடியும் என்று சபை சொன்னபோது, நீ ஆபீசில் கணக்கு எழுதும் கிராணியார் மகள், நான் வெயிலில் ஆள் மேய்க்கும் மண்டோர் மகள். அதற்குமேல் பேச்சே எழவில்லை. நீ கப்பல் ஏறினாய். எனக்கு வயிறு எரிந்தது. கையசைக்கக்கூட நான் வரவில்லை.

மலாயாவில் வெள்ளைக்காரர்கள் கம்யூனிஸ்டுகளைக் காட்டுக்குள் தேடிய அவசரகாலம் அது. தோட்டத்தைச் சுற்றி முள்கம்பி வேலி போட்டு ஒரே ஒரு கேட் வைத்தார்கள். காட்டில் இருப்பவர்களுக்குச் சோறு போய்விடக் கூடாது என்று, ஒரு மணி அரிசியைக்கூட வெளியே கொண்டுபோக விடவில்லை. பால் வெட்டப் போகும் பெண்களைத் தடவிப் பார்க்க ஒரு பெண் தேவைப்பட்டாள். இங்கிலீஷ் தெரியும் என்று என்னை நிறுத்தினார்கள். உனக்குக் கல்லூரி, எனக்குக் கேட். விடிந்ததும் அத்தைமார் இடுப்பிலும் கொண்டையிலும் கைவைப்பேன். "நம்ம புள்ளையே நம்மள தடவுது பாரு" என்பார்கள்.

முதல் விடுமுறைக்கு நீ வந்தாய். பைப்படியில் குடம் நிரம்பும்வரை உன் செமினாரைப் பற்றியே பேச்சு. நன்றாகப் படிக்கிற சிலரை மட்டும் பொறுக்கி எடுத்து ஒரு வட்ட மேசையில் உட்கார வைப்பார்களாம். சரித்திரம், பொருளாதாரம், வேதபாடம் என்று மூன்று பேராசிரியைகள். ஒரே கேள்வியை ஆளுக்கொரு பக்கமிருந்து இழுப்பார்களாம். ஒரு வாரம் எகிப்து, ஒரு வாரம் சீனா.

"அங்க சரின்னு யாரும் சொல்லமாட்டாங்கடி. ஏன்னுதான் கேப்பாங்க" என்றாய்.

"இங்க ஏன்னு கேட்டா உள்ள தூக்கிப் போட்டுருவாங்க லா" என்றேன். நீ சிரித்தாய். எனக்குச் சிரிப்பு வரவில்லை. கெய்ரோ எங்கே இருக்கிறது என்று தெரியாதவளுக்கு எகிப்து பற்றிப் பேச ஒரு நாற்காலி!

மறுநாள் ஞாயிறு. பெடாஸ் ஆலயத்துக்குப் போக வெள்ளைச் சேலையில் கேட்டுக்கு வந்தாய். உன் பைக்குள் கையை விட்டேன். வேதாகமத்துக்கு அடியில் துணி முடிச்சு. தொட்டதுமே தெரிந்துவிட்டது, அரிசி. வேலி வந்ததும் தோட்டத்தில் எல்லாரும் பிடியரிசியை நிறுத்திவிட்டார்கள். உன் அம்மா மட்டும் டின்னில் சேர்த்துக்கொண்டே வந்திருக்கிறார். நீ மதராஸில் இருக்கிற நினைப்பில் அதை முடிந்து எடுத்து வந்துவிட்டாய்.

"என்னடி இது?" என்றேன், உதடு அசையாமல்.

"பிடியரிசிடி. ஆண்டவருக்குள்ளதுக்குமா தடை?" என்றாய், அந்த மேசையில் உட்கார்ந்து கேட்கிற மாதிரியே.

இரண்டடி தள்ளி மலாய் போலீஸ்காரர் துப்பாக்கியோடு நின்றார். "அடா?" என்றார். உண்டா என்று கேட்கிறார். நான் ஒரு வார்த்தை சொன்னால் போதும். உன்னை ஜீப்பில் ஏற்றுவார்கள், கப்பல் போய்விடும், நாற்காலி காலியாகும். சொல்லாமல் விட்டுப் பிறகு தெரிந்தால் உள்ளே போவது நான். இத்தனையும் நினைத்தேன். உன் வெள்ளைச் சேலையைப் பார்க்கப் பார்க்க எரிச்சலாக இருந்தது.

"தா அடா லா" என்றேன். இல்லை என்று சொல்லி உன்னைத் தள்ளிவிட்டேன். கொஞ்சம் பலமாகவே தள்ளினேன்.

முடிச்சைப் பார்த்ததும் பாதிரியார் அதை அவசரமாக அங்கிக்குள் மறைத்தார் என்று பிறகு கேள்விப்பட்டேன். உனக்கு எதுவும் ஆகவில்லை, எனக்கும் ஆகவில்லை.

அடுத்த விடுமுறைக்கு வந்தபோது உன் முகத்தில் ஒரே பூரிப்பு. உன் செமினாரில் மலாயா வாரத்தில் கேட்டையும் முடிச்சையும் சொன்னாயாம். மேசையே உன் பக்கம் திரும்பியதாம். நான் நின்ற கேட், நான் விழுங்கின பயம். பேர் வாங்கியது நீ! அதன்பிறகு இரண்டு நாள் உன்னோடு நான் பேசவில்லை. ஏன் என்று உனக்குப் புரியவே இல்லை.

மூன்றாம் நாள் நீயே பைப்படிக்கு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாய். "அவங்க கேட்ட கேள்விக்கு எனக்குப் பதில் தெரியலடி. அந்தப் பொண்ணு ஏன் உன்னை விட்டான்னு கேட்டாங்க. ஆளுக்கொண்ணு சொன்னாங்க. பயம்ன்னாங்க, பக்தின்னாங்க, சிநேகம்ன்னாங்க. நீ சொல்லு." நான் குடத்தைத் தூக்கிக்கொண்டு எழுந்து போனேன். பிறகு நீயே பேராசிரியை ஆனாய், கோலாலம்பூரில் உனக்கென்று ஒரு மேசை வந்தது. எப்போது பார்த்தாலும் இதையே கேட்டாய். தலை நரைத்தும் கேட்டாய். நான் சொல்லவில்லை. உனக்குத் தெரியாதது ஒன்றாவது என்னிடம் இருக்கட்டும் என்று வைத்திருந்தேன்.

இனி வைத்திருந்து என்ன செய்ய? கேட்டுக்கொள். பயமும் இல்லை, பக்தியும் இல்லை. சிநேகம் என்று சொன்னால் அதுவும் முழு உண்மை இல்லை. உன்னைப் பிடித்துக் கொடுத்திருந்தால் நீயும் என்னோடு வேலிக்குள் நின்றிருப்பாய். அப்புறம் அந்த மேசையில் என்ன பேசினார்கள் என்று பைப்படியில் உட்கார்ந்து எனக்கு யாரடி சொல்லியிருப்பார்கள்?