எழுதாமல் விட்ட வரி

ஆகஸ்ட் 4
அமைச்சகத்தில் பதினோராவது வருடம். பக்கத்து நாடு கட்டும் பாலத்தை எதிர்த்து இன்று ஒரு கடிதம் எழுதினேன். பாலம் நமக்கும் நல்லதுதான். அவன் கட்டுகிறான், அதனால் கெட்டது. அவன் கிழக்கே பார்த்தால் நாம் மேற்கே. இதற்குப் பெயர் வெளியுறவுக் கொள்கை.

ஆகஸ்ட் 11
ஆறு கரையை உடைத்துவிட்டது. எல்லையோர ஊர் முழுக்கத் தண்ணீர். தங்கை இரண்டு பெண்பிள்ளைகளோடு பள்ளிக்கூட மொட்டைமாடியில் இருக்கிறாள். "அக்கா, கீழ் மாடி முங்கிருச்சு. நானூறு பேர் நிக்கிறோம்" என்றாள். பிறகு போன் எடுக்கவில்லை.

ஆகஸ்ட் 12
பன்னிரண்டு ஹெலிகாப்டர்கள் தயார், சரியென்றால் ஒரு மணி நேரத்தில் அனுப்புகிறோம் என்று பக்கத்து நாடு எழுதியிருக்கிறது. நம்மிடம் பறக்கிற நிலையில் இருப்பவை இரண்டு.

அமைச்சர் மறுக்கச் சொல்கிறார். கடல் தாண்டிய நட்பு நாடு அனுப்புமாம். வந்து சேர நாலு நாள். அதுவரை என்ன செய்வது என்று செயலாளரிடம் கேட்டேன். முன்பு உதவிக்கென்று வந்த பக்கத்து நாட்டுப் படை ஒன்பது வருடம் போகவில்லை என்றார். பொய்யில்லை. ஆனால் மொட்டைமாடியில் நிற்பவளிடம் அந்தச் சரித்திரத்தை யார் போய்ச் சொல்வது? நானா?

மறுப்பை நான்தான் எழுதணுமாம். என் நடை நாகரிகமாக இருக்குமாம். தூ!

அதே நாள், மாலை
எழுதினேன். நன்றி சொன்னேன். பள்ளிக்கூடம் இருக்கும் இடத்தைக் குறித்தேன். 'உதவி தேவையில்லை' என்ற வரியை மட்டும் எழுதவில்லை. செயலாளர் இரண்டு முறை படித்தார். கையெழுத்துப் போட்டார்.

ஆகஸ்ட் 13
கடிதத்தைச் சம்மதமென்று எடுத்துக்கொண்டு பக்கத்து நாட்டு ஹெலிகாப்டர்கள் வந்துவிட்டன. தங்கை பேசினாள். மூவரும் பத்திரம்.

ஆகஸ்ட் 15
பக்கத்து நாடு வானெல்லையை மீறிவிட்டதாம்! அமைச்சர் தொலைக்காட்சியில் குதிக்கிறார். நனைந்த ஜனங்கள் இன்னும் முகாமில் — இவருக்கு மானம் போய்விட்டதாம். கண்டனக் கடிதம் எழுதச் சொன்னார்கள். முடியாது என்றேன்.

செயலாளர் என் முகத்தைப் பார்க்கவில்லை. "கையெழுத்து என்னுதுதான். ஆனா வரைவு உங்களுதுன்னு ஃபைல்ல இருக்கு." தெரிந்தேதானே போட்டீர்கள் என்று கேட்டேன். ஃபைலை மூடிக்கொண்டு போய்விட்டார். கோழை. ஆனால் போட்டாரே — அதுதான் இன்னும் எரிகிறது.

ஆகஸ்ட் 29
என்னை மாற்றிவிட்டார்கள். பழைய பதிவேடுகள் பிரிவு. ஜன்னல் கிடையாது. கண்டனத்தை வேறொருவர் எழுதி அனுப்பிவிட்டார்.

தங்கையும் பிள்ளைகளும் என் வீட்டில்தான். பெரியவள் ஹெலிகாப்டர் படம் வரைந்து, வாலில் பக்கத்து நாட்டுக் கொடியைப் போட்டிருந்தாள். "இத வெளிய காட்டாதடி, சண்டைக்கு வருவாங்க" என்று தங்கை மடித்து ஒளிக்கப் போனாள்.

நான் வாங்கி, வாசல் கதவில் ஒட்டினேன்.