காப்பித்தூள் என்று சொன்ன பொய்

செவ்வாய், இரவு.

அண்ணனின் கால் காயத்துக்கு லேப் முடிவு இன்று வந்தது. வழக்கமான மருந்து எதற்கும் அந்தக் கிருமி அடங்கவில்லையாம். அதை அடக்க மிச்சம் இருப்பது ஒரே ஒரு ஊசி மருந்துதான்.

"காயத்துல என்ன வச்சீரு?" என்று டாக்டர் கேட்டார்.

"காப்பித்தூள், சார்" என்றான் அண்ணன்.

"அடுத்த தடவ பாலும் சீனியும் சேத்து வையும்."

வார்டே சிரித்தது. நானும் சிரித்தேன். அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

அது காப்பித்தூள் இல்லை. இறால் ஓட்டிலிருந்து என் ஆய்வுக்காக நான் செய்யும் பஞ்சு. ரத்தத்தைச் சட்டென்று உறைய வைக்கும். இதுவரை எலிகளில் மட்டுமே சோதித்திருக்கிறேன். அண்ணன் சங்கு குளிக்கப் போகிறவன் என்பதால் ஒரு பொட்டலம் கொடுத்தேன். கிருமி நீக்காத பொட்டலம். கடலடிப் பாறை காலைக் கிழித்ததும் அதை வைத்து அழுத்தியிருக்கிறான். ரத்தம் நின்றது. நின்றதால் நான்கு நாள் ஆஸ்பத்திரிப் பக்கமே போகவில்லை.

டாக்டர் நகர்ந்ததும் என் மணிக்கட்டைப் பிடித்தான். அவன் கை காய்ச்சலில் கொதித்தது.

"ஏளா, வாயத் தொறக்காத. ஒன் படிப்பு போயிரும்."

பஞ்சுத் துணுக்கு இன்னும் காயத்துக்குள் இருக்கலாம். இருந்தால் ஊசி மட்டும் போதாது, திறந்து எடுக்க வேண்டும். டாக்டர் காப்பித்தூளை நம்பிக்கொண்டிருக்கிறார்.

'காலையில் டாக்டரிடம் சொல்லலாம்' என்று இந்த நாட்குறிப்பில் எழுதத்தான் உட்கார்ந்தேன். அவன் கையின் சூடு மணிக்கட்டை விட்டுப் போகவில்லை. போனில் வார்டு நம்பரை அழுத்திவிட்டேன். மணி அடிக்கிறது. யாரோ எடுக்கிறார்கள்.