சட்டை பெண்ணாம், கவுன் ஆணாம்

அன்புள்ள அம்மாவுக்கு,

வணக்கம். உன் முழங்கால் வலி குறைந்ததா? அப்பா மாத்திரையை ஒழுங்காகப் போடுகிறாரா? நான் நன்றாக இருக்கிறேன். இந்த ஊர் ஸ்பானிஷ்தான் உயிரை வாங்குகிறது. இலக்கணத்துக்குப் பயந்து எட்டாவதோடு நின்றவளுக்கு இப்படி ஒரு தண்டனை! இந்த மொழியில் துணிமணிக்குக்கூட ஆண்பால், பெண்பால் உண்டாம்; சட்டை பெண்ணாம், கவுன் ஆணாம். தினமும் இரண்டுக்கும் இஸ்திரி போடும் எனக்கே இது தெரியாமல் போயிற்று. "புஸ்தகத்த மூடுடி, தெனமும் பேசுற வாக்கியமாப் படி" என்றாள் சலவைக் கூடத்தில் பக்கத்து இஸ்திரி மேசையில் நிற்கும் நம்மூர் அக்கா. ஐந்து வாக்கியம் மனப்பாடம் செய்தேன். வெட்கத்தில் ஒன்றைக்கூட வெளியே விடவில்லை.

திங்கட்கிழமை இஸ்திரிப் பெட்டி சூடு மீறி, ஒரு சட்டையின் காலர் கருகிவிட்டது. சூப்பர்வைசர் அம்மா என்னை முறைத்தார்.

"வாயத் தொறடி! இல்லன்னா பழிய உன் தலையில கட்டி வேலைய விட்டுத் தூக்கிடுவாங்க" என்று அக்கா இடித்தாள்.

பயத்தில் ஐந்தையும் ஒரே மூச்சில் கொட்டினேன். காலை வணக்கம். நான் எட்டு மணிக்கு வருகிறேன். சட்டை வெள்ளை. எனக்குப் பசிக்கிறது. பெட்டி ரொம்பச் சூடு.

கூடமே சிரித்தது. அந்த அம்மா மட்டும் பெட்டியைச் சோதித்துப் பார்த்து, வேறு பெட்டி கொடுத்தார். வேலை போகாமல் தப்பியது, கவலைப்படாதே.

இப்போது எனக்கு ஸ்பானிஷ் தெரியும் என்று நினைத்து எல்லோரும் நாள் முழுக்கப் பேசுகிறார்கள். தலையாட்டியே கழுத்து வலிக்கிறது. ஊரிலிருந்து யாராவது இங்கே வந்தால் தைலம் கொடுத்தனுப்பு.

அப்புறம், போனில் "சாப்டியா" என்று கேட்டுவிட்டு உடனே வைத்துவிடாதே. பேச ஒன்றுமில்லை என்றால் தங்கச்சியைத் திட்டிக்கொண்டிரு. நான் கேட்டுக்கொண்டிருப்பேன்.

துணி வந்து குவிந்துவிட்டது, போகிறேன்.

உன் பெரியவள்