“பாத்தாச்சு சார்” என்ற பிள்ளைகள்

என் தங்கத் தம்பி சிவாவுக்கு,

நீ போன பிறகும் பத்தாம் வகுப்புக்கு நீதான் பாடம் நடத்திக்கொண்டிருந்தாய். உன் இடத்துக்கு இன்னும் யாரும் வரவில்லை. லுணுகலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டப் பள்ளிக்கூடத்துக்குக் கம்ப்யூட்டர் வாத்தியார் கிடைப்பது அவ்வளவு லேசா? தமிழ் டீச்சரான என்னைக் கம்ப்யூட்டர் லேப்பில் உட்காரச் சொன்னார்கள். நீ பதிவுசெய்து வைத்த பாடங்களைப் போட்டுவிடுவது மட்டுமே என் வேலை.

உன்னை இரண்டு பள்ளிக்கூடங்களுக்குப் பங்குபோட்ட காலத்தில், நீ வராத நாட்களில் பிள்ளைகள் சும்மா இருக்கக் கூடாது என்று எடுத்த பாடங்கள் அவை. திரையில் நடப்பதையும் நீ பேசுவதையும் சேர்த்துப் பதிவுசெய்யும் மென்பொருளைப் பதுளை டவுனில் தேடிப்பிடித்து வாங்கி வந்தாய். “ஆளே இல்லாம யாருகிட்டடா பேசுற?” என்று கேலி செய்தேன். நீ ஒன்றைக் கேட்டுவிட்டு, பிள்ளைகள் பதில் சொல்வதற்கென்று சும்மா இருப்பாய். ஒரு பாடத்தில் கூரைத் தகரத்தில் மழை கொட்டுகிறது. “மழ வந்திரிச்சி, கொஞ்சம் சத்தமா பேசுறேன்” என்கிறாய்.

திரையில் உன் முகம்கூடக் கிடையாது, அம்புக்குறி மட்டும்தான். ஆனாலும் “வணக்கம் புள்ளைங்களா” என்ற குரல் வந்ததும் அத்தனை பேரும் எழுந்து “வணக்கம் சார்” என்று இழுப்பார்கள். நீ “உக்காருங்க” என்று சொல்லும்வரை ஒருவரும் உட்கார மாட்டார்கள். எனக்கு அந்த மரியாதை என்றைக்குக் கிடைத்தது?

சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் அம்மா கேட்பார், “இன்னைக்கி தம்பி என்னா பாடம் நடத்துனான்?” நான் சொல்வேன். இப்போது இந்த வீட்டில் எங்கள் இரண்டு பேருக்கும் பேச்சு என்றால் அநேகமாக அவ்வளவுதான். பிறகு அம்மா அடுப்படிக்குப் போய்விடுவார்.

இந்த வருஷம் புதுக் கம்ப்யூட்டர்கள் வந்தன. நீ எத்தனையோ தரம் எழுதிப்போட்டுக் கேட்டவை. உன் பாடத்தைப் பழைய மெஷினில் போட்டு டிவியில் காட்டுவேன். பிள்ளைகள் புது மெஷின்களில் செய்து பார்ப்பார்கள். “இடது பக்கம் மேல மூலையில ஃபைல்னு இருக்கு. பாத்தாச்சா?” என்று கேட்பாய். “பாத்தாச்சு சார்” என்பார்கள். எல்லாம் நன்றாக நடக்கிறது என்றுதான் நினைத்தேன்.

தவணைப் பரீட்சையில் ஒரு பிள்ளைக்கும் எழுதியதைச் சேமிக்கத் தெரியவில்லை, அச்சடிக்கத் தெரியவில்லை. எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. ஒவ்வொரு மெஷினாகப் போய்ப் பார்த்தேன். நீ சொல்லும் ஃபைல் எதிலும் இல்லையடா. மென்பொருள் புதுசு. அந்த மூலையில் வட்டமாக ஒரு பட்டன்தான் இருக்கிறது. நானும் இதைக் கவனிக்கவில்லை. நான் எங்கே அவர்களுடைய திரையைப் பார்த்தேன்? உன் அம்புக்குறியையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

முன் வரிசைக் கௌசல்யாவைக் கூப்பிட்டு, “இல்லாதத எப்படிடீ பாத்தாச்சுன்னு சொன்ன?” என்று கேட்டேன். தலையைக் குனிந்துகொண்டாள்.

“சார்கிட்ட போயி எப்படிங்க டீச்சர் இல்லன்னு சொல்றது?”

அவளைப் போய் உட்காரச் சொன்னேன்.

அடுத்த டிசம்பரில், பதினோராம் வகுப்பு முடிவில், அவர்களுக்குச் சாதாரண தர அரசாங்கப் பரீட்சை. உன் குரலை வைத்துக்கொண்டிருந்தால் அவர்கள் தேற மாட்டார்கள். பள்ளி விட்ட பிறகு லேப்பைச் சாத்திக்கொண்டு, உன் மைக்கை எடுத்துவைத்து, புது மெஷினில் முதல் பாடத்தை நானே பேசிப் பதிவுசெய்தேன். போட்டுப் பார்த்தால் சத்தமே இல்லை. மைக் வயரைக் கம்ப்யூட்டரில் குத்தவே இல்லை. நீ உயிரோடு இருந்திருந்தால் ஒரு வாரம் சிரித்திருப்பாய். சிரிக்க ஆளில்லாமல் மறுபடி முதலிலிருந்து பேசினேன். ஆளில்லாத அறையில் கேள்வி கேட்டுவிட்டுக் காத்திருப்பது எவ்வளவு கஷ்டம் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. உனக்கும் அப்படித்தான் இருந்ததா?

நேற்று அதை வகுப்பில் போட்டேன். யாரும் எழுந்து நிற்கவில்லை. மேலே வட்டப் பட்டனைக் காட்டி “தெரியுதா?” என்று என் குரல் கேட்டது. பின்னாலிருந்து ஒரு பையன், “இல்லைங்க டீச்சர், எனக்குக் காணல” என்றான். கௌசல்யாவும் “எனக்கும்” என்றாள். நிறுத்திவிட்டுப் போய்ப் பக்கத்தில் நின்று காட்டிக்கொடுத்தேன். மணி அடிக்கும்போது எல்லோரும் ஒரு பக்கம் எழுதிச் சேமித்திருந்தார்கள்.

மீதிப் பாடங்களையும் இந்த வருஷத்துக்குள் என் குரலில் எடுத்து முடிப்பேன், சிவா. இது சத்தியம். அதற்குப் பிறகு அந்தப் பிள்ளைகளுக்கு நீ தேவைப்பட மாட்டாய். எனக்கும் அம்மாவுக்கும்தான் தேவைப்படுவாய்.

உன் கூடப்பிறந்தவள்,
அக்கா