திரைக்கு வெளியே போன எழுத்துகள்

மே 5, திங்கள்
மடிக்கணினி கட்டிலிலிருந்து விழுந்து திரை உடைந்துவிட்டது. கணினி திருத்தும் பாண்டிருப்புக் கோகுலன் வந்து, பழைய டீவியை அதோடு பொருத்திவிட்டுப் போனார். படம் வருகிறது. ஆனால் நாலு ஓரமும் வெட்டுப்பட்டு வருகிறது. திரையில் வரும் எழுத்துப்பலகையின் கடைசி இரண்டு வரிசை டீவிக்கு வெளியே.

வாதம் வந்ததிலிருந்து என் கணவருக்குப் பேச்சில்லை. தலையும் கையும் நடுங்கும். ஃபோனில் விரல் நிற்காது. இடது கையால் மவுசை நகர்த்தி, திரையில் பெரிய தமிழ் எழுத்துகளைத் தொட்டுத்தான் என்னோடு கதைப்பார். இப்போது அதுவும் போச்சு.

மே 7
இவருடைய தம்பி சாஜித் வந்தார். அண்ணன் பேரிலுள்ள சம்மாந்துறை வயலை வாங்க ஆள் இருக்கிறதாம்.

"காக்காட பேர்லதானே இரிக்கி மச்சி. அவர் ஓமெண்டாச் சரி."

"அவர் விக்க மாட்டார்."

"அத அவர் சொல்லட்டுமே."

இவர் தலை ஆடியது. ஓமா, நடுக்கமா? சாஜித் ஓம் என்று எடுத்துக்கொண்டார். நான் இல்லை என்று. வெள்ளிக்கிழமை திரும்ப வருவாராம்.

மே 8
ரிமோட்டில் எல்லாவற்றையும் அமத்திப் பார்த்தாயிற்று. கோகுலனுக்கு ஃபோன் அடித்தேன். அவர் கொழும்பில்.

"அக்கா, டேர்மினல் எண்டொரு கறுப்புப் பெட்டி இருக்கு. அதத் திறந்து, நான் அனுப்புற கட்டளைய அப்பிடியே அடியுங்க. ஒண்டும் கூடப்படாது, குறையப்படாது."

எக்ஸ்ராண்டர் என்று தொடங்கும் கட்டளை. அடித்தேன். பிழை. திரும்பவும் பிழை. இரண்டு கோடு போடும் இடத்தில் ஒன்று போட்டிருக்கிறேன். ஒரு கோட்டுக்கு என்ன எடுப்பு இந்தப் பெட்டிக்கு!

பிறகு திரை அளவுகள் வரிசையாக வந்தன. டீவிக்குரியது அதில் இல்லை. கிட்டிய ஒன்றைக் கொடுத்தேன் — முழு இருட்டு. இவர் மவுசை எறிந்தார். நானும் கத்திவிட்டேன்: "நான் என்ன இதுக்குப் படிச்சிட்டா வந்தன்?"

மே 9, வெள்ளி
"டீவி இன்னும் சரிவரல்ல" என்றேன். "எத்தின நாளைக்கு மச்சி இதையே சொல்லுவீங்க?" என்றார் சாஜித். சாக்குச் சொல்கிறேன் என்று நினைக்கிறார்.

மே 10
இல்லாத அளவை நாமே உண்டாக்கலாமாம். கோகுலன் மூன்று கட்டளை அனுப்பினார். ஒன்று அந்த அளவுக்குரிய எண்களைக் கணித்துத் தரும், ஒன்று அதைக் கணினியில் சேர்க்கும், கடைசியானது டீவியை அதற்கு மாற்றும். எண் எண்ணாக வாசித்து அடித்தேன். திரை ஒருதரம் இருண்டு வெளித்தது. எழுத்துப்பலகை முழுசாக! அல்ஹம்துலில்லாஹ் என்று வாய் மூடவில்லை, கரண்ட் போனது. மடிக்கணினியின் பற்றரி எப்போதோ செத்தது. மறுபடி போட்டால் பழைய வெட்டு. அழுகைதான் வந்தது.

மே 11
கோகுலன் சொன்னபடி கட்டளைகளை ஒரு கோப்பில் போட்டு, கணினியைப் போட்டதும் தானாக ஓடவைத்தேன். பிளக்கைக் கழற்றிக் கழற்றிப் பார்த்தேன். அளவு மாறாமல் நிற்கிறது.

மே 12
சாஜித்தை நானே வரச்சொன்னேன். கேட்கட்டும், காக்காவே சொல்லட்டும் என்று ஒரு ரோசம்.

மவுஸ் மெல்ல நகர்ந்தது.

விக்கட்டும்.

பிழையாகத் தொட்டுவிட்டார் என்று நினைத்தேன். "வடிவாப் பாத்து எழுதுங்க" என்றேன். இவர் என்னைப் பார்த்தார். பிறகு எழுதினார்.

நான் இனி வயலுக்குப் போகமாட்டன் றம்லா.

சாஜித் முகத்தைத் திருப்பிக்கொண்டார். இத்தனை நாளும் நான் யாருக்காகச் சண்டை பிடித்தேன்?

மே 22
வயல் விற்பனைக்கு உறுதிப் பத்திரம் எழுத நொத்தாரிசு வீட்டுக்கு வந்தார். கதிரையில் இருந்ததும் என்னைப் பார்த்துத்தான் கேட்டார்: "இவருக்குச் சம்மதந்தானே?"

டீவியைப் போட்டேன். "அவரிட்டயே கேளுங்க" என்று சொல்லிவிட்டுத் தேத்தண்ணி போடப் போனேன்.