நெய் தடவிய ஆப்பிள்கள்

அக்கா,

இன்று மதியம் ராசிபுரத்தில் ஒரு பேக்கரிக்குள் நுழைந்தேன். சர்க்கரை உருகும் வாசனை. கண்ணாடிப் பெட்டிக்குள் குச்சி செருகிய ஆப்பிள்கள், மேலே பழுப்பாகக் கேரமல். கால் அப்படியே நின்றுவிட்டது. கடைக்காரர் "என்ன வேணுங்க?" என்று இரண்டு முறை கேட்டார். எதற்குப் போனேன் என்பதே மறந்துபோயிற்று. ஒரு வருடத்துக்கு மேலாகியும் நீங்கள் இல்லாதது எனக்குப் பழகவில்லை. மதியம் என் சமையலறையில் சிரித்தவர் சாயங்காலம் இல்லை என்றால் யாரால் நம்ப முடியும்?

உங்கள் வீட்டு அண்ணன் இமாச்சல் போய் லாரியில் லோடு ஏற்றி வரும்போதெல்லாம் நம் இரண்டு வீட்டுக்கும் ஆப்பிள்தான். அந்தத் தடவை முழுப் பெட்டி. தின்று சலித்த பிறகு நீங்கள் போனில் ஒரு வீடியோ காட்டினீர்கள். "இதச் செஞ்சு பாத்துருவோம் சாமி. அஸ்கா, வெண்ணெய், பாலு, எல்லாம் ஊட்லயே கெடக்குது." வெள்ளைச் சர்க்கரையை அஸ்கா என்பதைக் கடைசிவரை நீங்கள் விடவில்லை.

நெய் யோசனை என்னுடையது. எள்ளுருண்டை பிடிக்கும்போது கையில் தடவுவோமே, அந்த நினைப்பில் ஆப்பிளுக்கெல்லாம் தடவிப் பளபளவென்று அடுக்கிவைத்தேன். நீங்கள் அரை மணி நேரம் கிளறி இறக்கிய கேரமலில் முக்கி எடுத்தால், மொத்தமும் வழுக்கிக்கொண்டு தட்டில் இறங்கிவிட்டது. "பாகு ஒட்டக் கூடாதுன்னு தான கண்ணு நெய்யே தடவறது!" என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தீர்கள். பிறகு, "போதும், மிச்சத்த நாளைக்குப் பாத்துக்கலாம்" என்றீர்கள்.

நான் விடவில்லை. எனக்கு ரோஷம். ஆப்பிள்களைச் சுடுதண்ணீரில் கழுவித் துடைத்தேன். மறுபடி சர்க்கரையை அடுப்பில் ஏற்றி, கைப்பக்குவம் உங்களுக்குத்தான் என்று கரண்டியை உங்களிடமே கொடுத்தேன்.

பாதியில் தோளை அமுக்கிக்கொண்டீர்கள். "இந்தக் கை என்னமோ கனமா இருக்குது. சித்த நீ கிண்டறயா?"

முகமெல்லாம் வேர்வை. அடுப்படியில் யாருக்குத்தான் வேர்க்காது? "இப்பக் கையெடுத்தா அடிபுடிச்சுருங்க்கா. அஞ்சே நிமிசம்" என்றேன். "ஒண்ணுமில்ல, வாயுவா இருக்கும்" என்று அந்த ஐந்து நிமிடமும் கிளறினீர்கள்.

கேரமல் அழகாக ஒட்டியது. நாலு ஆப்பிளைத் தட்டில் வைத்துக்கொண்டு "வாரேன்" என்று போனீர்கள். நான் பாத்திரத்தை ஊறப்போட்டுக்கொண்டிருந்தேன். மதிலுக்கு அந்தப் பக்கம் அண்ணன் அலறினார். "அம்மிணி, ஓடியா! இவ எந்திரிக்க மாட்டேங்கறா!"

திருச்செங்கோடு ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே என் மடியில் உங்கள் கை சில்லிட்டுவிட்டது. மாரடைப்பு என்றார் டாக்டர். "எப்ப இருந்து வலின்னு சொன்னாங்க?" என்று கேட்டார். அண்ணன் தலையைக் குனிந்துகொண்டு "தெரியலீங்க" என்றார். நான் பக்கத்திலேயே நின்றேன். வாயைத் திறக்கவில்லை.

அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் யார் "ஒண்ணுமில்ல" என்றாலும் அடுப்பை அணைத்துவிட்டு ஆஸ்பத்திரிக்குக் கிளம்புகிறேன். வீட்டில் எல்லோரும் கேலி செய்கிறார்கள். காரணம் யாருக்கும் தெரியாது.

இன்று பேக்கரியிலிருந்து நேராக உங்கள் வீட்டுக்குத்தான் போனேன். இனியும் பொறுக்க முடியாது என்று அண்ணனிடம் எல்லாவற்றையும் சொன்னேன். திட்டுவார், மூஞ்சியில் முழிக்காதே என்பார் என்று நினைத்தேன். அவர் சொன்னது வேறு.

"எங்கிட்டயுஞ் சொன்னா அம்மிணி. அன்னைக்குக் காத்தாலயே கை கனக்குதுன்னு சொன்னா. அடுத்த லோடு எறக்கிட்டு ராத்திரிதான் வந்திருந்தேன், நாலு நாளா வண்டி ஓட்டுன தூக்கம் எனக்கு. சித்த படு, செரியாப் போயிரும்னு சொல்லிட்டுத் திரும்பிப் படுத்துட்டேன்."

அப்படியானால் நீங்கள் சொல்லாமல் போகவில்லை அக்கா. இரண்டு பேரிடம் சொல்லியிருக்கிறீர்கள். இத்தனை நாள் என்னுடைய ஐந்து நிமிடத்தை மட்டும் சுமந்துகொண்டிருந்தேன். இன்றிலிருந்து அவருடைய தூக்கமும் சேர்ந்துகொண்டது.